நான் கையெழுத்துப் போடாத ரிப்போர்ட்

மூச்சு மிஷினை விற்பது முதலாளியின் வேலை. விற்ற மிஷினை மாட்ட வைப்பது என் வேலை. இரண்டும் ஒரே வேலை என்று எங்கள் முதலாளி இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறார். நினைக்கட்டும். திருப்பாதிரிப்புலியூரில் ஏசி போட்ட கடைக்குள் உட்கார்ந்திருப்பவருக்கு, பெட்டியை விட்டு வெளியே வந்த பிறகு அந்த மிஷினுக்கு என்ன ஆகிறது என்று எப்படித் தெரியும்? வாரத்தில் மூன்று நாள் கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு பஸ் ஏறிப் போய், வீடு வீடாக ஏறி இறங்கிப் பார்க்கிறவள் நான்தான்.

தூக்கத்தில் தொண்டை அடைத்துக்கொள்கிறவர்களுக்கான மிஷின் அது. ஊரில் இதைக் குறட்டை வியாதி என்பார்கள். குறட்டை அதில் பாதிதான். குறட்டை விட்டுக்கொண்டிருப்பவர் சட்டென்று அமைதியாவார் பாருங்கள், வியாதி அங்கேதான் இருக்கிறது. அந்த நேரத்தில் தொண்டைச் சதை தளர்ந்து மூச்சுப் போகிற வழியை மூடிக்கொண்டிருக்கும். நெஞ்சு ஏறி இறங்கும், காற்று உள்ளே போகாது. மூளை பதறிப்போய் ஆளை உலுக்கும். உலுக்கியது அவருக்கே தெரியாது. மறுபடி தூங்குவார், மறுபடி அடைக்கும். எட்டு மணி நேரம் படுத்துக் கிடந்தவர், ஒரு மணி நேரம்கூட ஒழுங்காகத் தூங்காதவராக எழுந்து வேலைக்குப் போவார். இந்த மிஷின் ஒரு குழாய் வழியாக, முகத்தில் மாட்டிய மாஸ்க்குக்குள் காற்றை அழுத்தி ஊதித் தொண்டையைத் திறந்தே வைக்கும். மாட்டினால் தூக்கம், கழற்றினால் பழைய கதை. பத்து நாள் மாத்திரை சாப்பிட்டுவிட்டு நிறுத்துகிற மாதிரி இதை நிறுத்த முடியாது. இதைக் கேட்டதும்தான் எல்லோருக்கும் முகம் தொங்கிப்போகும்.

என்னவெல்லாம் பார்த்திருக்கிறேன்! ஆயுத பூஜைக்கு மிஷினுக்கும் பொட்டு வைக்கிறேன் என்று, காற்று உள்ளே போகிற சல்லடை மேலேயே சந்தனத்தை அப்பிவைத்த வீடு. பெண்டாட்டி அம்மா வீட்டுக்குப் போய்விட்டால், "குறட்டை விட்டா யாருக்கு இப்ப தொந்தரவு?" என்று மாட்டாமல் படுக்கும் வாத்தியார். லால்பேட்டையில் ஒரு பாய், நோன்பு மாதத்தில் விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு எழும்போது கழற்றிவைப்பார். விடிகாலை சுபுஹு தொழுகை முடித்துவிட்டு மறுபடி படுக்கும்போது மாட்ட மாட்டார். "அது தூக்கம் இல்லம்மா, சும்மா அசதிக்குப் படுக்குறது" என்பார். நான் கத்துவேன். "பேஷன்ட்டுங்ககிட்ட கொஞ்சம் தன்மையா பேசுங்க" என்று முதலாளி என்னைக் கூப்பிட்டு வைத்துச் சொல்லாத வருஷம் இல்லை. தன்மையாகப் பேசிப் பேசித்தான் பாதி மிஷின் பரண்மேல் கிடக்கிறது.

இப்போது நான் சொல்ல வந்தது ஒரு வேன் டிரைவரைப் பற்றி. காட்டுமன்னார்கோயில் போகும் சாலையில் உள்ள ஒரு பள்ளிக்கூடத்தில் பல வருஷமாக வேன் ஓட்டிக்கொண்டிருந்தவர். வீடு சிதம்பரத்தில், ரயில் நிலையத்துக்குப் பின்பக்கம். ஒருநாள் சாயங்காலம் பிள்ளைகளை ஒவ்வொரு ஊராக இறக்கிவிட்டுக்கொண்டே வரும்போது, வாய்க்கால் ஓரமாகப் போகும் நேரான சாலையில், கண் திறந்திருந்தபடியே தூங்கிப்போனார். முன்சக்கரம் தாரிலிருந்து மண்ணில் இறங்கியது. வண்டிக்குள் இன்னும் ஐந்து பிள்ளைகள் இருந்தார்கள். ஒரு பெண்குழந்தை வீல் என்று கத்திய கத்தலில் விழித்து, பிரேக்கை மிதித்து நிறுத்திவிட்டார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஒன்றும் ஆகவில்லை என்பதற்காகப் பள்ளிக்கூடத்துக் கரஸ்பாண்டன்ட் சும்மா விடவில்லை. டாக்டரிடம் அனுப்பினார். தூக்கப் பரிசோதனையில் வியாதி தெரிந்தது, கடுமையாகவே. கரஸ்பாண்டன்ட் சொல்லிவிட்டார்: ஒரு மாசம் மிஷினை ஒழுங்காக மாட்டியதற்கு ரிப்போர்ட்டோடு டாக்டர் கடிதம் கொண்டு வா, அதுவரைக்கும் ஸ்டியரிங்கைத் தொடாதே, கொண்டுவரவில்லை என்றால் வேறு வேலை பார்த்துக்கொள். அந்த ரிப்போர்ட்டைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது நான். என் கையெழுத்தைப் பார்த்துத்தான் டாக்டர் தன் கடிதத்தை எழுதுவார்.

ஒரு மாதம் கழித்து மத்தியானம் பன்னிரண்டு மணிவாக்கில் ரிப்போர்ட் எடுக்கப் போனேன். டிரைவர் டிவிக்கு எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில், தாடை நெஞ்சில் இடிக்கத் தூங்கிக்கொண்டிருந்தார். மிஷின் மாட்டுகிற மனுஷன் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு இப்படித் தூங்குவாரா என்று அப்போதே மனசில் பட்டது. அவர் மனைவி மோர் கொண்டுவந்து கொடுத்தார். நான் மிஷினிலிருந்து மெமரி கார்டை உருவி லேப்டாப்பில் போட்டேன். முப்பது நாளில் முப்பது நாளும் மாட்டியதாகப் பச்சை காட்டியது. தினமும் ஏழு மணி நேரம். ஒருநாள்கூட விடுபடவில்லை. காற்றுக் கசிவு இல்லை. மூச்சு நின்றது என்று ஒரு இடத்திலும் இல்லை.

அழுத்தத்தைக் காட்டும் கோட்டைத் திறந்து பார்த்தேன். அந்த மிஷின் தானாகக் கூட்டிக் குறைக்கும் ரகம். தொண்டை அடைக்க ஆரம்பித்தால் காற்றின் அழுத்தத்தை அதுவே ஏற்றும். டிரைவரின் கனத்த கழுத்துக்கு அது மேலே ஏறித்தான் ஆக வேண்டும். ஆனால் கோடு அடியிலேயே, முதல் நாள் தொடங்கி முப்பதாம் நாள் வரை, ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி நேராகப் போயிருந்தது. இந்த மிஷினை மாட்டித் தூங்கியவருக்கு எந்த வியாதியும் இல்லை.

நிமிர்ந்து அந்த அம்மாளைப் பார்த்தேன். மூக்குத்தி இருக்க வேண்டிய இடத்தில் வேப்பங்குச்சி. மூக்குத் தண்டின் மேல், கண்ணாடி போடுகிறவர்களுக்கு வருவது போல, சிவந்த தடம். புருஷன் மூக்கைத் திரும்பிப் பார்த்தேன். அங்கே ஒரு கீறல்கூட இல்லை.

"மூக்குத்தி எங்கம்மா?"

"திருகு தேஞ்சுபோச்சுக்கா."

"பொய் சொல்லாத. மாஸ்க் அழுத்துதுன்னு கழட்டிட்ட. இத மாட்டிகினு தூங்குனது நீதானே?"

அந்த அம்மாள் அடுக்களைப் பக்கம் பார்த்தார், புருஷனைப் பார்த்தார், பிறகு தரையில் உட்கார்ந்துகொண்டார். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. என்னிடம் சண்டைக்கு வந்தார்.

"ஆமாக்கா, நான்தான். இப்ப என்னான்ற? அவரு மாஸ்க்க கையில எடுத்தாலே கை நடுங்குது. மூஞ்சி வேர்த்துக் கொட்டுது. மொத நாளு பிடுங்கி எறிஞ்சிட்டு வாசல்ல போய் நின்னுட்டாரு. வேலை பூடும்னா நான் என்னாதான் பண்றது? கொரோனாவுல அவரு ஆஸ்பத்திரியில கெடந்தப்போ அம்மனுக்கு வேண்டிகிட்டு தீ மிதிச்சது யாரு? நானு. பொழைச்சு வந்தது யாரு? அவரு. அவருக்காக நான் மண்சோறு தின்னல? வெள்ளிக்கிழமை ஒருவேளை பட்டினி கெடக்கல? இதையும் அவருக்காக நானே செஞ்சிட்டேன். இதுல என்னாக்கா தப்பு?"

எத்தனையோ ஏமாற்று வேலை பார்த்திருக்கிறேன். மிஷினைத் தலையணை மேல் ஓடவிட்டு மணிக்கணக்குக் காட்டியவர்கள் உண்டு. இந்த அம்மாள் ஏமாற்றவில்லை. முப்பது நாள் அந்தக் காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு விரதம் இருந்திருக்கிறார். ஒருநாள் விடாமல்!

"ஆள் மாத்தி தீ மிதிச்சா அம்மன் ஏத்துக்குவாம்மா," என்றேன். "அவரு தொண்டை ஏத்துக்காது. அடைக்குறது அவருக்கு. வேன்ல ஒக்காந்திருக்குறது யாரோ பெத்த புள்ளைங்க."

அதற்குள் டிரைவர் விழித்துக்கொண்டார். "என்ன மேடம், ரிப்போர்ட் ஓகேவா?" என்று கேட்டார். இந்த மனிதர் மேல் எனக்கு வந்த ஆத்திரத்தை என்னவென்று சொல்ல? "ஓகேதான். உங்க வீட்டம்மாவுக்கு ஒரு வியாதியும் இல்லையாம்" என்று லேப்டாப்பை மூடினேன். அவருக்கும் தெரிந்துதான் நடந்திருக்கிறது. தலையைக் குனிந்துகொண்டார்.

"வயித்துல அடிக்காதக்கா, கையெழுத்துப் போட்டுக் குடுத்துடு," என்று அந்த அம்மாள் வாசல் வரைக்கும் வந்து கெஞ்சினார். போடவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.

பஸ் முட்லூர் தாண்டுவதற்குள் முதலாளியிடமிருந்து போன். நான் லேப்டாப்பில் போட்டதுமே கடை கம்ப்யூட்டரிலும் அந்த ரிப்போர்ட் தெரியும். "முப்பது நாளும் பச்சையா இருக்கு, நீங்க ஏன் கையெழுத்துப் போடல? அந்தாளு வீட்லேர்ந்து போன் பண்ணி அழுவுறாங்க."

"அது அவரு மாட்டுனது இல்ல சார்."

"யாரு மாட்டுனா மிஷினுக்கு என்ன தெரியும்?"

"மிஷினுக்குத் தெரியாது சார். எனக்குத் தெரியும்."

"உங்களுக்கு வேலை வேணுமா, வேணாமா?"

"வேணும் சார். அதத்தான் செஞ்சிகிட்டு இருக்கேன்," என்றேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும் என்று இருந்தேன்.

மறுநாள் யாரையும் கேட்காமல் நேராகப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். கரஸ்பாண்டன்ட் வெள்ளைச் சட்டையும் வாசனை விபூதியுமாக, மரியாதையாகத்தான் உட்காரச் சொன்னார். டிரைவருக்கு மாஸ்க் இன்னும் பழகவில்லை, இன்னும் இரண்டு மாதம் வேண்டும் என்றேன். அந்த அம்மாள் விரதம் இருந்த கதையைச் சொல்லவில்லை. அது என் வாயிலிருந்து வரக்கூடாது என்று முடிவு பண்ணியிருந்தேன்.

"பழகலன்னா விட்டுட வேண்டியதுதாம்மா. நோயாளிய வெச்சு நான் வண்டி ஓட்ட முடியுமா?"

"சார், உங்ககிட்ட மொத்தம் எத்தனை டிரைவருங்க?"

"எட்டு பேரு."

"மத்த ஏழு பேரும் ராத்திரியில எப்பிடித் தூங்குறாங்கன்னு தெரியுமா சார்? அவுங்கள்ல எத்தனை பேரு குறட்டை விடுறாங்க? எத்தனை பேரு ஸ்டியரிங் மேல கண்ணசந்து, யாரும் கத்தாததால வெளிய தெரியாம தப்பிச்சாங்க? இவரு ஒருத்தருக்குத்தான் வியாதி என்னான்னு தெரியும், வைத்தியமும் கையில இருக்கு. இவரத் தொரத்திட்டு, தெரியாத ஒருத்தர ஒக்கார வைக்கப் போறீங்க."

அவர் முகம் மாறியது. கொஞ்ச நேரம் பேனாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். பிறகு, வேறு ஆளை வைத்து வண்டி ஓட்டிக்கொள்கிறேன், வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற வேலைக்கு வேண்டுமானால் இவர் வரட்டும், இரண்டே மாதம்தான் என்றார். அந்த வேலையைப் பள்ளிக்கூடத்தில் ஆயாக்கள்தான் செய்வார்கள். டிரைவரிடம் வந்து சொன்னபோது அவர் முகம் செத்துப்போனது. "ஆயா வேலையா மேடம்?" என்றார். "ஆமாண்ணே, ஆயா வேலைதான். ஆயாவா இருந்துட்டு ஸ்டியரிங்குக்கு வாங்க," என்றேன். மறுநாள் காலையில் போனார்.

காலை டிரிப்புக்கும் சாயங்கால டிரிப்புக்கும் நடுவில் அவருக்கு மத்தியானம் ஓய்வு. அந்த நேரத்தை நான் பிடித்துக்கொண்டேன். முதல் நாள் மிஷினை ஆன் செய்யவே இல்லை. மாஸ்க்கை மட்டும் கையில் கொடுத்தேன். அந்த அம்மாள் சொன்னது உண்மைதான், விரல்கள் நடுங்கின. நெற்றியில் முத்து முத்தாக வேர்த்தது.

"என்னாண்ணே பயம்? சொல்லுங்க. சொல்லாம நான் போவ மாட்டேன்."

மாஸ்க்கை மடியில் வைத்தார். பிறகு சொன்னார்: "கொரோனாவுல பதினோரு நாளு வார்டுல கெடந்தேன் மேடம். எனக்கு மூக்குல சின்னக் குழாதான் வெச்சிருந்தாங்க. இந்தாண்ட கட்டில்லயும் அந்தாண்ட கட்டில்லயும் இருந்தவங்களுக்கு இதே மாஸ்க். இதே சத்தம், புஸ்ஸு புஸ்ஸுன்னு. இந்தாண்ட இருந்தவரு என்னை மாமா மாமான்னு கூப்புட்டுப் பேசிகினே இருப்பாரு. மாஸ்க்க மாட்டுனாங்க. அதோட பேச்சு நின்னுபோச்சு. ரெண்டு பேருமே பூட்டாங்க. இத மாட்டுனவங்க யாரும் நடந்து வெளிய போய் நான் பாக்கல."

அந்த வருஷம், இந்தக் கடையில் சேர்வதற்கு முன்னால், நானும் ஒரு கொரோனா வார்டில்தான் வேலை பார்த்தேன். அவர் இருந்த ஆஸ்பத்திரி இல்லை, வேறு. அங்கே அந்த மாஸ்க்கை மாட்டிவிடுகிற வேலை என்னுடையது. அதை அவரிடம் சொன்னேன். "நானே எத்தனையோ பேருக்கு இத மாட்டியிருக்கேன். நெறைய பேரு போயிட்டாங்க. மாஸ்க்கால போவல, நுரையீரல் போயிடுச்சு. மாட்டியும் காப்பாத்த முடியல. ஆனா நடந்து வெளிய போனவங்களையும் நான் பாத்திருக்கேன். உங்களுக்கு நுரையீரல் நல்லா இருக்கு. தொண்டையில ஒரு அடைப்பு, இதே காத்து அதத் தெறந்துவிடும். அன்னிக்கு அத்தனை பேருக்கு மாட்டி முடியாமப் போச்சேன்னு நான் வயிறெரிஞ்சிகிட்டு இருக்கேன். பொழைக்கக்கூடிய நீங்க இத ஆணியில மாட்டி வெச்சா எனக்கு எப்பிடி இருக்கும்?"

சொல்லி முடிக்கும்போது நான் கத்திக்கொண்டிருந்தேன். எனக்கே பிடிக்கவில்லை. அந்த அம்மாள் வந்து என் கையில் தண்ணீர் சொம்பைக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு நான் மாட்டச் சொல்லிக் கொடுக்கவில்லை, கழற்றச் சொல்லிக் கொடுத்தேன். முதலாளிக்குத் தெரிந்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார். கன்னத்துப் பக்கம் இருக்கும் கிளிப்பைப் பிடித்து ஒரு இழுப்பு. மாஸ்க் கையில் வந்துவிடும். மாட்டு, இழு. மாட்டு, இழு. "வார்டுல இருந்தவங்களால கழட்ட முடியல. உங்களால முடியும். எப்ப வேணாலும் முடியும்," என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். ஒரு வாரம் இதேதான். பிறகு காற்றை ஓடவிட்டு, உட்கார்ந்தபடி டிவி பார்க்க வைத்தேன். சீரியல் ஒன்று முழுசாக மாஸ்க்கோடு பார்த்தார். பிறகு படுத்துக்கொண்டு. மாஸ்க்கின் அளவை மாற்றினேன். தொண்டை காய்கிறது என்றார், மிஷினுக்குள் தண்ணீர்த் தொட்டியை வைத்தேன். நான் போகாத நாட்களில் போன் பண்ணித் திட்டினேன். ஒரு மத்தியானம் அவர் மாஸ்க்கோடு கண்ணை மூடி, அப்படியே தூங்கிப்போனார். அந்த அம்மாளும் நானும் கதவருகே நின்று பார்த்தோம். குறட்டையும் இல்லை, இடையில் அந்த அமைதியும் இல்லை. காற்று சீராகப் போய் வந்தது. அந்த அம்மாள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். அடுத்த தடவை நான் போனபோது மூக்குத்தி பழைய இடத்துக்கு வந்திருந்தது.

அந்த மத்தியானத்துக்குப் பிறகு ராத்திரியும் மாஸ்க்கோடு படுக்க ஆரம்பித்தார், அதிலிருந்து ஒரு மாதம் முடிந்தது. கார்டை லேப்டாப்பில் போட்டேன். அழுத்தக் கோடு ஏறி இறங்கியிருந்தது. இது அந்தக் கழுத்துதான், சந்தேகமே இல்லை. மூச்சு நிற்பது வெகுவாகக் குறைந்திருந்தது. ஆனால் மூன்று நாள் காலி. மாட்டவே இல்லை.

"அந்த மூணு நாளும் கரண்ட் இல்லக்கா," என்று அந்த அம்மாள் முந்திக்கொண்டு சொன்னார்.

"இருந்துச்சு மேடம்," என்றார் டிரைவர். "அந்த மூணு நாளும் முடியல. வார்டு நெனப்பு வந்துடுச்சு. இழுத்துக் கழட்டிட்டேன்." பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு மடித்த தாளை எடுத்து நீட்டினார். பள்ளிக்கூடத்து வருகைத் தாளின் நகல். அதில் அவர் பெயருக்கு நேரே மூன்று நாள் லீவு. மாட்டாத ஒவ்வொரு ராத்திரிக்கும் அடுத்த பகல்.

"புள்ளைங்கள ஏத்தி எறக்குறதுதானே அண்ணே, அதுக்கு எதுக்கு லீவு?" என்று கேட்டேன்.

"ஓட்டுறவனா இருந்தா எப்பிடியோ அப்பிடியே இருந்து பாத்தேன் மேடம். மாட்டாத அன்னிக்கு வண்டியில ஏறக் கூடாது. அவ்ளோதான்."

பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டேன். டாக்டரும் கடிதம் எழுதிக் கொடுத்தார். முதலாளி மட்டும் கேட்டார், முப்பது நாளும் பச்சையாக இருந்ததை விட்டுவிட்டு ஓட்டை விழுந்த ரிப்போர்ட்டில் போட்டிருக்கிறீர்களே, உங்களுக்கு மண்டையில் ஏதாவது இருக்கிறதா என்று. அந்த ஓட்டைக்காகத்தான் சார் போட்டேன் என்றேன். கரஸ்பாண்டன்ட்டும் அந்த மூன்று நாளில்தான் விரலை வைத்தார். "நாளைக்கும் இந்தாளு மாட்டலன்னா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் டிரைவரே சொன்னார்: "மாட்டலன்னா காலையில நானே போன் போட்டுச் சொல்றேன் சார். வேற ஆளப் போட்டுக்குங்க." கரஸ்பாண்டன்ட் மேஜை டிராயரைத் திறந்து வண்டிச் சாவியை எடுத்துக் கொடுத்தார்.

மூன்று வாரம் போயிருக்கும். காலை ஆறரை மணிக்கு நான் கடலூரில் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. கரஸ்பாண்டன்ட். எடுத்ததுமே கத்தினார்.

"என்னம்மா இது? உங்க ஆளு இன்னிக்கு வண்டிய எடுக்க மாட்டேங்குறான்! ராத்திரி மாஸ்க் மாட்டலையாம், அதனால வரமாட்டானாம். லால்பேட்டை ரோட்டுல புள்ளைங்க எல்லாம் நிக்கிதுங்க. இந்தக் கடைசி நேரத்துல நான் எங்க போய் ஆளு புடிப்பேன்?"

துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு நிமிர்ந்தேன்.

"நல்லது சார்," என்றேன். "புள்ளைங்கள வேற வண்டியில ஏத்திக்குங்க. மத்த ஏழு பேருல இப்பிடி ஒருத்தராவது என்னிக்காவது உங்களுக்குப் போன் பண்ணியிருக்காங்களா?"

பதிலுக்காக நான் காத்திருக்கவில்லை, போனை வைத்துவிட்டேன்.